மாஸ்டா: தக்கை ஆலை முதல் ரோட்டரி வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்டா என்பது யாருடைய பெயர்?

இரண்டு பேருடையது. நிறுவனத்தை வளர்த்தவர் ஜூஜிரோ மட்சுதா. ஹிரோஷிமாவில் மீனவர் வீட்டில் பிறந்து, ஒசாகாவில் கொல்லுப்பட்டறை வேலை பழகியவர். ஜப்பானியர்கள் இன்றைக்கும் நிறுவனத்தை 'மட்சுதா' என்றுதான் உச்சரிக்கிறார்கள். வெளிநாட்டு எழுத்தில் 'மாஸ்டா' ஆனதற்கு, ஜரதுஷ்டிர சமயத்தில் அறிவின் கடவுளான அஹுர மஸ்தாவும் காரணம். 1931-ல் வந்த முதல் மூன்று சக்கர வண்டியிலேயே இந்தப் பெயர் இருந்தது. ஆனால் நிறுவனத்தின் பெயர் அப்போது தோயோ கோக்யோ. அது மாஸ்டா மோட்டார் கார்ப்பரேஷன் ஆனது 1984-ல்தான்.

தொடக்கத்திலிருந்தே வண்டிதான் செய்தார்களா?

இல்லை, தக்கை செய்தார்கள். முதல் உலகப் போரில் ஐரோப்பியத் தக்கை வருவது நின்றதால், ஜப்பானில் வளரும் அபெமாகி என்ற ஓக் வகை மரத்தின் பட்டையிலிருந்து தக்கை தயாரிக்கத் தொடங்கினார்கள். அந்தத் தொழிலுக்காக 1920 ஜனவரி 30 அன்று ஹிரோஷிமாவில் பதிவானது 'தோயோ கார்க் கோக்யோ'. மறு ஆண்டு ஜூஜிரோ மட்சுதா தலைவரானார். போர் முடிந்து நல்ல தக்கை மறுபடி இறக்குமதியானது. 1925 இறுதியில் ஆலையில் தீப்பிடித்தது. 1927-ல் பெயரிலிருந்து 'கார்க்' போய்விட்டது. 1929-ல் இயந்திரக் கருவிகள், 1931-ல் 482 சிசி என்ஜின் வைத்த மாஸ்டா-கோ என்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டி. முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் சரக்குத் தொட்டி என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அணுகுண்டு விழுந்த ஊரில் ஆலை எப்படித் தப்பியது?

ஆலை இருந்தது ஊருக்குக் கிழக்கே ஃபூச்சூவில். குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். நடுவில் ஹிஜியாமா என்ற குன்று. வெடிப்பு அலையின் பெரும் வேகத்தை அந்தக் குன்று வாங்கிக்கொண்டது. 1945 ஆகஸ்ட் 6 ஜூஜிரோ மட்சுதாவின் எழுபதாவது பிறந்தநாள். அன்று காலை நகருக்குள் முடிவெட்டிக்கொண்டு, குண்டு விழுவதற்குச் சற்று முன்பு அங்கிருந்து கிளம்பியதால் அவர் பிழைத்தார். இரண்டாவது மகன் பிழைக்கவில்லை.

ஊரில் அரசு அலுவலகம் என்று நிற்பதற்குக் கட்டடமே இல்லாத நிலை. மாகாண நிர்வாகம் ஆலைக் கட்டடத்துக்குள் வந்து, 1946 ஜூலை வரை அங்கேயே இயங்கியது. வானொலி நிலையமும் நீதிமன்றமும் அங்கே இடம்பிடித்தன. 1945 டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டி உற்பத்தி மறுபடி தொடங்கியது. இடிபாடு அள்ளவும் மரம் ஏற்றவும் ஊருக்கு அந்த வண்டிதான் தேவைப்பட்டது. ஹிரோஷிமா மக்கள் மாஸ்டாவைச் சொந்த வீட்டுப் பிள்ளைபோல் பேசுவதன் வேர் இங்கே இருக்கிறது. ஊரின் பேஸ்பால் அணியான ஹிரோஷிமா தோயோ கார்ப் பெயரில் உள்ள 'தோயோ' இந்த ஆலையின் பழைய பெயர்தான்.

முதல் கார் எது?

1960-ல் வந்த ஆர்360 கூப்பே. 356 சிசி, காற்றால் குளிரும் வி-ட்வின் என்ஜின், விலை 3 லட்சம் யென். நன்றாக விற்றது.

எல்லோரும் பிஸ்டன் என்ஜின் செய்யும்போது இவர்கள் ஏன் ரோட்டரியைப் பிடித்தார்கள்?

பிழைப்புக்காக. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய வணிகத் துறை அமைச்சகம், கார் நிறுவனங்களை ஒன்றோடொன்று இணைத்து இரண்டு மூன்று பெரிய குழுக்களாக்க நினைத்தது. தனி அடையாளம் இல்லாத சிறிய நிறுவனம் பெரியவர்களுக்குள் கரைந்துபோகும். அப்போதைய தலைவர் சுனேஜி மட்சுதா, ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனம் ஃபெலிக்ஸ் வாங்கலோடு சேர்ந்து உருவாக்கிய ரோட்டரி என்ஜினின் உரிமத்தை 1961-ல் வாங்கினார். உலகில் வேறு பலரும் அந்த உரிமத்தை வாங்கினார்கள். காரில் வைத்துப் பத்து, இருபது ஆண்டு என்று தொடர்ந்து விற்றுக் காட்டியவர்கள் மாஸ்டா மட்டுமே.

அந்த என்ஜின் எப்படி வேலை செய்கிறது?

பட்டுப்புழுக் கூடு போன்ற, நடுவில் லேசாக இடுங்கிய ஓர் அறை. அதற்குள் பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணச் சுழலி. அதன் மூன்று முனைகளும் எப்போதும் அறையின் சுவரைத் தொட்டபடியே சுற்றும். சுழலியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இடைவெளி. சுற்றச் சுற்ற அது பெருத்துச் சிறுத்து மறுபடி பெருக்கும். காற்றும் பெட்ரோலும் இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, புகையைத் தள்ளுவது நான்கும் அந்த இடைவெளியிலேயே முறையாக நடந்துவிடும். வால்வு இல்லை, கனெக்டிங் ராட் இல்லை, மேலும் கீழும் குலுங்கும் பாகமே இல்லை. சுழலி ஒரு சுற்று சுற்றினால் நடுத்தண்டு மூன்று சுற்று சுற்றும். அதனால்தான் நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்குப் போனாலும் தையல் மெஷின் போல ஓடுகிறது.

புகழ்பெற்ற 13பி என்ஜினில் இரண்டு சுழலிகள், ஒவ்வொன்றும் 654 சிசி, ஆக மொத்தம் 1,308 சிசி. 'வெறும் 1.3 லிட்டரில் இவ்வளவு சக்தியா' என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நடுத்தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சுழலியும் ஒருமுறை எரிக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிக்கும். ஜப்பானிய வரித்துறை ரோட்டரியின் கொள்ளளவை 1.5-ஆல் பெருக்கி வரி போட்டது நியாயமான கணக்கு.

'சாத்தானின் நகக்கீறல்' என்கிறார்களே, என்ன அது?

சுழலியின் மூன்று முனைகளிலும் ஆளுக்கொரு மெல்லிய பட்டை செருகியிருக்கும். பெயர் அபெக்ஸ் சீல். பிஸ்டனுக்கு ரிங் எப்படியோ, சுழலிக்கு இது அப்படி. ஆரம்ப கால என்ஜின்களில் இந்தப் பட்டை ஓட்டத்தில் அதிர்ந்து, சுவரில் துணி துவைக்கும் பலகை போல வரி வரியாகப் பள்ளம் பறித்தது. மாஸ்டாவினர் அதற்கு வைத்த பெயர் அது. கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் இதற்கென்றே உட்கார்ந்தார்கள். பழைய ஜப்பானியக் கதையில் வரும் 47 சாமுராய்களின் பெயரையே அவர்களுக்கும் சூட்டிவிட்டார்கள்.

முதலில், பட்டை தன் இயல்பான அதிர்வெண்ணில் ஆடுவதுதான் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். பட்டைக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அந்த அதிர்வெண்ணை மாற்றினார்கள், கீறல் நின்றது. பிறகு உற்பத்திக்கு ஏற்றதாக, அலுமினியம் ஊட்டிய கார்பன் பட்டைக்கு மாறினார்கள். 1967 மே 30 அன்று மாஸ்டாவின் முதல் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. இரட்டைச் சுழலி, 110 குதிரைத்திறன். 1972 வரை விற்றது 1,176 கார்கள் மட்டுமே. ஆனாலும் மாஸ்டாவை யாரோடும் இணைக்க முடியாது என்பது அந்தக் காரால் உறுதியானது.

இவ்வளவு நல்ல என்ஜின் கெட்ட பெயர் வாங்கியது ஏன்?

எரியும் அறை நீளமாகவும் ஒல்லியாகவும் இருப்பதோடு இடம் பெயர்ந்துகொண்டே போகிறது. சுடர் மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். எரியாத பெட்ரோல் புகையோடு வெளியே போகும். சுவர்ப் பரப்பு அதிகம் என்பதால் வெப்பமும் வீணாகும். இது வடிவத்தோடு பிறந்த குறை. தேய்த்துத் தேய்த்துக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

1973-ல் பெட்ரோல் விலை ஏறியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட நகர ஓட்டக் கணக்கில் மாஸ்டா ரோட்டரிக்கு லிட்டருக்குச் சுமார் 4.5 கிலோமீட்டர்தான் வந்தது. அமெரிக்க விற்பனை சரிந்தது. வண்டிகள் துறைமுகத்தில் குவிந்தன. சுமிட்டோமோ வங்கி உள்ளே வந்து தாங்கிப் பிடித்திராவிட்டால் நிறுவனம் அத்தோடு முடிந்திருக்கும். ஆலைத் தொழிலாளர்களை விற்பனை நிலையங்களுக்கு அனுப்பிக் கார் விற்க வைத்தார்கள். ஹிரோஷிமா வணிகர்கள் உள்ளூர்க் காரையே வாங்குவோம் என்று இயக்கமே நடத்தினார்கள். பொறியாளர்கள் ரோட்டரியின் எரிபொருள் செலவை 40 சதவீதம் மேம்படுத்த இலக்கு வைத்து அதை எட்டினார்கள். அதன் விளைவுதான் 1978-ன் ஆர்எக்ஸ்-7 என்ற ரோட்டரி ஸ்போர்ட்ஸ் கார்.

ஆர்எக்ஸ்-8 வாங்கலாமா? என்ஜின் சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே?

2003 முதல் 2012 வரை தயாரான ரோட்டரி கார் இது. போய்விடும் என்பது வெறும் புரளி அல்ல. அமெரிக்காவில் 2004–2008 மாடல்களுக்கு மாஸ்டாவே என்ஜின் உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டிக் கொடுத்தது. ஆனால் பெரும்பாலான என்ஜின்கள் ஒரே வழியில்தான் சாகின்றன. வழி தெரிந்தால் தடுக்கலாம்.

பெரும்பாலும் தொடங்குமிடம், பிளக்குக்குப் பொறி மின்சாரம் தரும் இக்னிஷன் காயில். நான்கு காயில்கள், நான்கு ஸ்பார்க் பிளக்குகள். காயில் வலுவிழந்தால் பொறி தவறும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். கன்வெர்ட்டரின் தேன்கூடு உருகி அடைக்கும். புகை வெளியேற வழியின்றி என்ஜினுக்குள் சூடு ஏறும். சூட்டில் சீல்கள் போகும். அப்போது மெக்கானிக் 'அபெக்ஸ் சீல் போச்சு' என்பார். கொலையாளி காயில். அதனால் 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நான்கு காயில், நான்கு பிளக் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கீழே வரும் லீடிங் பிளக்கும் மேலே வரும் டிரெய்லிங் பிளக்கும் வெவ்வேறு வெப்ப எண் கொண்டவை. இடம் மாற்றிப் போடக் கூடாது.

அடுத்தது ஆயில். ரோட்டரி ஆயில் 'குடிப்பது' கோளாறு அல்ல. சீல்களுக்கு மசகு வேண்டும் என்பதற்காக ஒரு பம்ப் ஆயிலை வேண்டுமென்றே அறைக்குள் செலுத்துகிறது. இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஒருமுறையாவது டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். 2008 வரையிலான கார்களில் ஒரு சுழலிக்கு இரண்டு ஆயில் முனைகள் ஓரங்களில் மட்டும் இருந்ததால், சீலின் நடுப்பகுதி வறண்டது. 2009 மாடலில் நடுவில் மூன்றாவது முனை சேர்த்து, பம்பையும் மின்சாரத்தில் ஓட வைத்தார்கள். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் 2009 முதல் வந்ததையே எடுங்கள். பழையதை வைத்திருப்பவர்கள் பலர் தரமான டூ-ஸ்ட்ரோக் ஆயிலை லிட்டர் பெட்ரோலுக்கு 5 மி.லி. அளவில் டாங்கில் கலக்கிறார்கள். அந்த வறட்சிக்கு அது சரியான மருந்துதான்.

வாங்குமுன் கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் எழும் அழுத்தம், பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சாதாரண கேஜ் உதவாது. ஒரு சுழலியில் மூன்று அறைகள், சாதாரண கேஜ் அவற்றில் பெரிய எண்ணை மட்டும் காட்டும். செத்துப்போன இரண்டு அறை அதற்குள் ஒளிந்துகொள்ளும். மூன்றையும் தனித்தனியே பதியும் ரோட்டரி டெஸ்டர்தான் வேண்டும். என்ஜின் சூடாக, பேட்டரி நிறைய சார்ஜோடு, நிமிடத்துக்கு 250 சுற்றுக்குக் கணக்கிட்டு, குறைந்தது 680 கிலோபாஸ்கல் வர வேண்டும். புத்தம் புதிய என்ஜினுக்கு 830. ஒரே சுழலியின் அறைகளுக்குள் வித்தியாசம் 150-ஐத் தாண்டக் கூடாது. டெஸ்டர் இல்லாத ஊரில் ஒரு எளிய வழி: நன்றாகச் சூடான என்ஜினை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் இழுத்து இழுத்துத்தான் பிடிக்கிறது என்றால் கம்ப்ரஷன் போய்க்கொண்டிருக்கிறது.

காலையில் ஐந்தடி நகர்த்தி நிறுத்தினேன். பிறகு ஸ்டார்ட் ஆகவே இல்லை. என்ன ஆயிற்று?

பிளக் நனைந்துவிட்டது. குளிர்ந்த என்ஜினுக்கு அதிகப் பெட்ரோல் தெளிக்கப்படும். சூடாகுமுன் நிறுத்தினால் அந்தப் பெட்ரோல் அறைக்குள்ளேயே நிற்கும், சுவரில் உள்ள ஆயிலையும் கழுவிவிடும். ஆயில் படலம் போனால் கம்ப்ரஷனும் போகும்.

ஆர்எக்ஸ்-8-ல் செய்ய வேண்டியது இது. க்ளட்ச்சை மிதித்து, ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை அழுத்திப் பிடியுங்கள். அந்த நிலையில் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். அப்படியே 10 விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். காலை எடுத்துவிட்டு வழக்கம்போல் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஸ்டார்ட்டர் ஆறட்டும் என்று ஒரு நிமிடம் விட்டு இரண்டு மூன்று தடவை முயலலாம். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை வதைக்காமல், பிளக்குகளைக் கழற்றி உலர்த்தி, உள்ளே நிற்பதைச் சுற்றி வெளியேற்றிய பிறகு மாட்ட வேண்டும். ஆரம்ப கால ஆர்எக்ஸ்-8-ன் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும் வகை; மாஸ்டாவே பின்னாளில் வலு கூடியதைக் கொடுத்தது. உங்கள் காரில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

இனிமேல் வண்டியை நகர்த்தினால் ஐந்து நிமிடம் ஓட விட்டே நிறுத்துங்கள்.

1991-ல் லெ மான் பந்தயத்தில் ஜெயித்ததால்தான் ரோட்டரியைத் தடை செய்தார்களா?

இல்லை. பிரான்சில் நடக்கும் 24 மணி நேரக் கார் பந்தயம் லெ மான். இது மாஸ்டா ரசிகர்கள் விரும்பிச் சொல்லும் கதை, ஆனால் வரிசை தவறு. 3.5 லிட்டர் பிஸ்டன் என்ஜின் மட்டும் என்ற புதிய விதி அந்தப் பந்தயத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. ரோட்டரிக்கு அது கடைசி வாய்ப்பு என்று தெரிந்தேதான் மாஸ்டா களத்தில் இறங்கியது.

நடந்ததே போதுமான பெருமை. நான்கு சுழலி கொண்ட ஆர்26பி என்ஜின், 9,000 சுற்றில் 700 குதிரைத்திறன். 787பி கார், எண் 55. ஓட்டியவர்கள் ஜானி ஹெர்பர்ட், வோல்கர் வெய்ட்லர், பெர்ட்ராண்ட் கஷோ. மெர்சிடிஸும் ஜாகுவாரும் 1,000 கிலோ எடையோடு ஓட, மாஸ்டாவுக்கு 830 கிலோ அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியைப் பேசி வாங்கியதும் வெற்றியில் பாதி. முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் கடைசி மூன்று மணி நேரத்தில் சூடேறி நின்றது. மாஸ்டா 362 சுற்றுகளை முடித்தது. கடைசிக் கட்டத்தை ஓட்டிய ஹெர்பர்ட் உடலில் நீர் வற்றி மயங்கியதால் பரிசு மேடைக்கே வர முடியவில்லை. ஜப்பானிய நிறுவனம் ஒன்று லெ மானில் ஜெயித்தது அதுவே முதல் முறை. அடுத்த வெற்றிக்கு டொயோட்டா 2018 வரை காத்திருந்தது.

மியாட்டா எனப்படும் எம்எக்ஸ்-5 ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

எடை குறைவு, பின் சக்கர இயக்கம், கூரை திறக்கும், விலை கைக்கு எட்டும். 1960-களின் பிரிட்டிஷ் திறந்த கார்களின் இன்பத்தை, ஆயில் ஒழுகாமல் கொடுத்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் வந்தது. 2016-ல் பத்து லட்சமாவது கார் ஆலையிலிருந்து இறங்கியது. குதிரையும் வீரனும் ஓருயிர் என்று பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்ற சொல்லை மாஸ்டா இதற்குப் பயன்படுத்துகிறது. விளம்பரச் சொல்தான், ஆனால் ஓட்டினால் பொய்யென்று சொல்ல வராது.

முதல் தலைமுறை வாங்குபவர் மூன்று இடம் பார்க்க வேண்டும். ஒன்று, 1989 முதல் 1991 தொடக்கம் வரையிலான 1.6 லிட்டர் என்ஜின்களில் கிராங்க் தண்டின் மூக்கு குட்டை. டைமிங் பெல்ட் மாற்றும்போது நடு போல்ட்டைச் சரியாக முறுக்காவிட்டால் சாவிப் பள்ளம் தேய்ந்து, கிராங்கே வீணாகும். முன் புல்லியில் நான்கு பள்ளம் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீளமானது. இரண்டு, துணிக் கூரையின் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள குழாய் வழியே இறங்கும். இலை அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள சட்டத்துக்குள் தேங்கி உள்ளிருந்து துரு ஏறும். வெளியே பெயின்ட் குமிழ் தெரியும்போது உள்ளே சட்டம் ஏற்கெனவே அரித்திருக்கும். மூன்று, க்ளட்ச் ஸ்லேவ் சிலிண்டர். மலிவான பாகம், ஆனால் அடிக்கடி கசியும். ஒரு நல்ல செய்தி: இந்த 1.6 என்ஜினில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் வால்வை இடிக்காது. அதற்காக மாற்றாமல் விடாதீர்கள், 1 லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள்.

மாஸ்டா ஃபோர்டு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்ததா?

முழுதாக இல்லை. 1979-ல் சுமார் கால் பங்கு, 1996-ல் 33.4 சதவீதம். அந்த ஆண்டு ஃபோர்டிலிருந்து வந்த ஹென்றி வாலஸ், ஜப்பானிய கார் நிறுவனத்துக்குத் தலைவரான முதல் வெளிநாட்டவர். 1990 வாக்கில் மாஸ்டா ஜப்பானுக்குள் ஐந்து விற்பனைப் பெயர்களைத் திறந்து, பொருளாதாரக் குமிழி உடைந்ததும் மூச்சுத் திணறியதுதான் ஃபோர்டின் பங்கு கூடியதற்குக் காரணம். 2008 முதல் ஃபோர்டு படிப்படியாக விற்று 2015-ல் முழுதாக விலகியது. சென்னையை அடுத்த மறைமலை நகரில் ஃபோர்டு தயாரித்த முதல் என்டெவரின் 2.5 லிட்டர் டீசல் என்ஜின் மாஸ்டா குடும்பத்தைச் சேர்ந்தது. 2017 முதல் டொயோட்டாவிடம் 5 சதவீதத்தைச் சற்றுத் தாண்டிய பங்கு இருக்கிறது.

மாஸ்டா என்றால் துரு என்கிறார்களே?

2002–2009 காலத்து மாஸ்டா 3, மாஸ்டா 6 கார்களுக்கு ஐரோப்பாவில் அந்தப் பெயர் வந்தது, வந்ததும் நியாயமே. பின் சக்கர வளைவின் உள் மடிப்பில் சேறு தங்கும். குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடும் நாடுகளில் அந்தச் சேறு உப்பை ஊறவைத்து அரிக்கும். உள் உறையைக் கழற்றி, அந்த மடிப்பைக் கழுவி, உலர்த்தி, மெழுகுப் பூச்சு அடிப்பதுதான் வைத்தியம். பிந்தைய கார்கள் எவ்வளவோ மேல். 'சோல் ரெட்' சிவப்பு வைத்திருப்பவருக்கு வேறு தலைவலி: ஒளியைத் திருப்பும் அடுக்கின் மேல் கண்ணாடி போன்ற சிவப்பு அடுக்கு, அதன் மேல் கிளியர் கோட். பம்பரில் கீறல் என்றால் பக்கத்துப் பாகத்துக்கும் சேர்த்து நிறத்தை இழைய விடத் தெரிந்த பெயின்டரிடம் கொடுங்கள்.

ஸ்கைஆக்டிவ் என்பது விளம்பரமா, உண்மையா?

உண்மை. மாஸ்டாவின் புதிய என்ஜின் தொழில்நுட்பத்தின் பெயர் அது. கலப்பினக் கார்களுக்கு மற்றவர்கள் ஓடிய காலத்தில், சாதாரண என்ஜினிலேயே இன்னும் மிச்சம் இருக்கிறது என்று 2011 வாக்கில் மாஸ்டா காட்டியது. பெட்ரோல் என்ஜினின் கம்ப்ரஷன் விகிதத்தை 14-க்கு 1 வரை ஏற்றியது. பொதுவாக அவ்வளவு ஏற்றினால் கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் வரும், ஏனென்றால் அறையில் மிச்சமிருக்கும் சூடான புகை புதுக் கலவையைச் சூடேற்றும். அந்தப் புகையை நன்றாக உறிஞ்சி வெளியேற்ற நீண்ட 4-2-1 எக்ஸாஸ்ட் குழாய் வைத்தார்கள். பிஸ்டன் தலையில் குழி வைத்துச் சுடரைச் சீக்கிரம் பரவ விட்டார்கள். டீசலிலோ நேர்மாறாக விகிதத்தை 14-க்கு இறக்கி, என்ஜினை இலேசாக்கினார்கள். இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்பது அழகு. 2020 இறுதியில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் நம்பகத்தன்மையில் மாஸ்டாவை முதன்முறையாக முதலிடத்தில் வைத்ததற்கு இந்தத் தலைமுறைக் கார்களே காரணம்.

டீசல் மாஸ்டாவில் ஆயில் அளவு கூடுகிறது. எப்படிக் கூடும்?

கூடுவது டீசல். புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க, என்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசலைத் தெளிக்கும். அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். தினமும் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார்களில் எரிப்பு பாதியில் நின்று மறுபடி தொடங்கும், ஆயில் நீர்த்துப்போகும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் மேலே ஒரு பெருக்கல் குறி இருக்கும். ஆயில் அதைத் தொட்டால் கிலோமீட்டரைப் பார்க்காமல் உடனே மாற்றுங்கள். சாம்பல் குறைந்த, கையேடு சொல்லும் ஆயில் மட்டுமே. வாரம் ஒருமுறை 20 நிமிடமாவது 60-க்கு மேல் ஒரே சீராக ஓட்டுங்கள். நகருக்குள் மட்டும் ஓட்டுபவர் டீசல் மாஸ்டா வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

மாஸ்டா மீது பெரிய புகார்கள் வந்ததில்லையா?

வந்திருக்கின்றன. 2019-ல் அமெரிக்காவில் சுமார் 2.6 லட்சம் கார்கள் மென்பொருள் திருத்தத்துக்கு அழைக்கப்பட்டன. சிலிண்டர்களை ஓய்வெடுக்க விடும் அமைப்பு தவறான நேரத்தில் வேலை செய்து, வால்வைத் திறக்கும் ராக்கர் ஆர்மை விலக்கியது. அதைவிட வினோதம், 2011-லும் 2014-லும் மாஸ்டா 6 கார்கள் சிலந்திக்காக அழைக்கப்பட்டது. பெட்ரோல் வாசனைக்கு ஈர்க்கப்படும் ஒரு மஞ்சள் சிலந்தி டாங்கின் காற்றுக் குழாயில் வலை கட்டும். காற்று போகாததால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டாங்க் விரிசல் விடலாம்.

உண்மையில் வருத்தப்பட வேண்டியது 2024 ஜூன் விவகாரம். ஜப்பானில் சான்றிதழ் சோதனைகளில் முறைகேடு நடந்ததை மாஸ்டா ஒப்புக்கொண்டது. சில மாடல்களில் மோதல் சோதனையின்போது காற்றுப்பை தானாக உணர்ந்து விரிய வேண்டியதை டைமர் வைத்து விரிய விட்டார்கள். ரோட்ஸ்டர் ஆர்எஃப், மாஸ்டா 2 ஆகியவற்றில் என்ஜின் சோதனையின்போது மென்பொருளை மாற்றியிருந்தார்கள். இரண்டின் விநியோகமும் நிறுத்தப்பட்டது. அதே வாரம் டொயோட்டா, ஹோண்டா, சுசுகி, யமஹா பெயர்களும் வந்தன என்பது சமாதானம் ஆகாது.

தமிழ்நாட்டில் மாஸ்டா கார் ஏன் கிடைப்பதில்லை?

இந்தியாவில் மாஸ்டா கார் விற்பனை வைத்திருக்கவில்லை. நம் சாலைகளில் நாம் பார்த்த பெயர் ஸ்வராஜ் மாஸ்டா. 1983-ல் பஞ்சாப் டிராக்டர்ஸ், மாஸ்டா, சுமிட்டோமோ கார்ப்பரேஷன் கூட்டில் பஞ்சாபில் தொடங்கியது. பள்ளி வேன், சிறு லாரி, மினி பஸ் என்று ஊர் ஊராக ஓடியது. 2011-ல் அது எஸ்எம்எல் இசுசு ஆனது. இலங்கையில் பழைய ஃபமிலியா கார்கள் நன்கு அறிமுகம். மலேசியாவில் கெடா மாநிலம் கூலிமில் சிஎக்ஸ்-5 கார் பாகங்கள் பொருத்தி உருவாக்கப்படுகிறது.

ரோட்டரி இனி வருமா?

வந்துவிட்டது, ஆனால் சக்கரத்தைச் சுற்றுவதற்கு அல்ல. 2023 ஜூனில் ஹிரோஷிமாவின் உஜினா ஆலையில் 8சி என்ற ஒற்றைச் சுழலி என்ஜின் உற்பத்தி தொடங்கியது. எம்எக்ஸ்-30 ஆர்-ஈவி காரில் 17.8 கிலோவாட் மணி பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டராக அது ஓடுகிறது. 830 சிசி. பழைய பலவீனங்களை ஒவ்வொன்றாகத் தொட்டிருக்கிறார்கள்: பெட்ரோல் நேரடியாக அறைக்குள் தெளிக்கிறது, பக்கச் சுவர்கள் அலுமினியமாகி 15 கிலோவுக்கு மேல் எடை குறைந்தது, அபெக்ஸ் சீலின் தடிமன் 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 ஆனது. ஜெனரேட்டர் என்பதால் சக்கரத்தின் வேகத்தோடு கட்டுண்டு ஏறி இறங்க வேண்டியதில்லை. அப்படி ஏறி இறங்குவதில்தான் ரோட்டரி அதிகம் பெட்ரோல் குடித்தது.